சொல் விளக்கம்: கயாயேய்

கானா நாட்டின் தலைநகர் அக்ராவில், தலையில் துணிச் சும்மாடு, அதன்மேல் அகலமான அலுமினியப் பாத்திரம், அதற்குள் யாரோ வாங்கிய சரக்கு என்று சந்தைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடக்கும் பெண்களைக் கயாயேய் என்பார்கள். ஒருத்தி என்றால் கயாயோ.

இது இரண்டு மொழி ஒட்டிய சொல். ஹௌசா மொழியில் கயா என்றால் சரக்கு, சுமை. அக்ராவின் சொந்த மொழியான கா மொழியில் யோ என்றால் பெண், யேய் என்றால் பெண்கள். ஆனால் ஒரு காலத்தில் சுமை தூக்கியவர்கள் பெரும்பாலும் அண்டை நாடுகளிலிருந்து வந்த ஆண்கள்தான். 1969இல் உரிய அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வெளியேறச் சொல்லி அரசு ஆணை போட்டது. அவர்கள் விட்ட இடத்துக்கு நாட்டின் வறண்ட வடபகுதியிலிருந்து பிழைப்புத் தேடிப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள், பலர் பதின்வயதுப் பிள்ளைகள். தள்ளுவண்டி ஆண்கள் கையில், தலைச்சுமை பெண்கள் தலையில், அப்படித்தான் வேலை பிரிந்தது. கான்டமான்டோ பழைய துணிச் சந்தையில் ஒரு மூட்டையே சுமார் 55 கிலோ இருக்கும், அதையும் இவர்கள்தான் தூக்குகிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கூலிப் பெண்கள்' என்றால் எந்தக் கூலி வேலையும் அதில் அடங்கிவிடும், 'போர்ட்டர்' என்றதும் ரயில் நிலையம் நினைவுக்கு வரும். நம்மிடம் ஏற்கெனவே சுமைப்பணித் தொழிலாளர் என்ற சொல் இருக்கிறதே, அதனால் சுமைப்பணிப் பெண்கள் என்பதே என் தேர்வு.

இவர்களை 'அமைப்புசாராத் தொழிலாளர்' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை, தங்களுக்கென்று சங்கமே வைத்திருப்பவர்களை எப்படி அப்படிச் சொல்வது? பதிவு, ஒப்பந்தம், காப்பீடு எதுவும் இல்லாத வேலைக்கு 'முறைசாரா' என்பதுதான் பொருத்தம். அந்தக் கருத்தும் அக்ராவில் பிறந்ததுதான்: அங்கே வடபகுதியிலிருந்து வந்து குடியேறியவர்களிடையே ஆய்வு செய்த மானுடவியலாளர் கீத் ஹார்ட் 1971இல் அதை முன்வைத்தார், மறு ஆண்டே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கென்யா அறிக்கை அதைப் பரப்பியது. முறைக்கு வெளியே என்றாலும் வசூல் மட்டும் முறையாக நடந்தது, சுமை தூக்கும் பெண்களிடம் உள்ளாட்சி வாங்கிவந்த வரியை 2017 பட்ஜெட்டில்தான் ரத்து செய்தார்கள்.

அப்புறம், தமிழில் எழுதும்போது 'கயாயேய்கள்' வேண்டாம், அது ஏற்கெனவே பன்மை.