சூரியனுக்குள் கரும்பொருளைத் தேடும் வழி

கரும்பொருள் ஒளியே தராது என்கிறீர்கள், பிறகு அதைச் சூரியனில் போய்த் தேடுவானேன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

விண்மீன் திரள்கள் சிதறாமல் சுழல்வதற்கு, கண்ணுக்குத் தெரியும் பொருளைப்போலப் பல மடங்கு கரும்பொருள் தேவைப்படுகிறது. அது எதனால் ஆனது என்பதற்கு நெடுநாள் செல்லப்பிள்ளையாக இருந்த பதில் சூப்பர்சிமெட்ரி. தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் கனமான ஒரு ஜோடி உண்டு என்கிறது இந்தக் கோட்பாடு. அந்த ஜோடிகளில் மிக லேசானது நியூட்ரலினோவாக இருக்கலாம். மிக லேசானது என்பதால் சிதைந்து வேறொன்றாக மாற அதற்கு வழியில்லை. பிரபஞ்சம் பிறந்த நாளிலிருந்து அப்படியே உலவிக்கொண்டிருக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். சூரியனை நோக்கி விழும் நியூட்ரலினோ பெரும்பாலும் உள்ளே புகுந்து மறுபக்கமாக வெளியேறிவிடும். அரிதாக ஒன்று மட்டும் ஒரு ஹைட்ரஜன் அணுக்கருவில் மோதி வேகத்தை இழக்கும். சூரியனின் பரப்பிலிருந்து தப்ப நொடிக்கு 618 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதற்கான ஆற்றல் போய்விட்டால் துகள் சிக்கிக்கொண்டது என்று பொருள். திரும்பத் திரும்ப உள்ளே வந்து, மோதி மோதித் தளர்ந்து, கடைசியில் மையத்தில் படிந்துவிடும். அங்கே கூட்டம் சேரும்போது இன்னொரு வேடிக்கை தொடங்குகிறது. நியூட்ரலினோ தனக்குத் தானே எதிர்த்துகள். இரண்டு சந்தித்தால் இரண்டும் அழிந்து வேறு துகள்களாகின்றன. அவற்றின் சிதைவில் பிறப்பவற்றுள், எதனோடும் எளிதில் மோதாத நியூட்ரினோ என்ற துகள் மட்டுமே சூரியனைத் துளைத்து வெளியே வரும்.

குழாய் திறந்திருக்கும் ஒரு தொட்டியின் அடியில் ஓட்டை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் ஏற ஏற ஓட்டையில் ஒழுகும் வேகமும் கூடும். ஒரு கட்டத்தில் வரவும் செலவும் சமமாகிவிடும். அதன்பின் ஓட்டை பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை. ஒழுகும் நீரை அளந்தால் குழாயில் வரும் நீரின் அளவு தெரிந்துவிடும். சூரியனில் சிக்கும் துகள்கள்தான் குழாய்நீர், அழிபவை ஒழுகும் நீர். சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டுகள். பல கணக்குகளின்படி அந்தச் சமநிலைக்கு இவ்வளவு காலம் போதும். ஆகவே அங்கிருந்து வரும் நியூட்ரினோக்களை எண்ணினால், கரும்பொருள் ஒரு புரோட்டானில் எவ்வளவு எளிதில் மோதும் என்று சொல்லிவிடலாம். ஒரு விண்மீனையே தராசாக்கும் இந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சூரியன் தன் அணுக்கரு இணைவிலும் நியூட்ரினோக்களைக் கொட்டுகிறதே, குழப்பம் வராதா? வராது. அவற்றின் ஆற்றல் 2 கோடி எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டாது. நாம் தேடுபவை அதைப்போல ஆயிரம் மடங்குகூட இருக்கலாம்.

தென்துருவத்தில் இருக்கும் ஐஸ்கியூப் என்ற நியூட்ரினோ ஆய்வுக்கூடம் இந்தத் தேடலில் பெரிய கை. 1,450 மீட்டர் ஆழத்துக்குக் கீழே ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டியில் 5,160 உணர்கருவிகள் உறைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி உருண்டை. நியூட்ரினோ மோதிப் பிறக்கும் மியூவான் என்ற துகள், பனிக்குள் ஒளி செல்வதைவிட வேகமாக ஓடி நீல ஒளிக்கூம்பு ஒன்றை விட்டுச்செல்லும். எந்த உருண்டை முதலில் பார்த்தது, எது அடுத்து என்று நானோநொடி கணக்கில் ஒப்பிட்டால் அது வந்த திசை கிடைக்கும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 3,000 மியூவான்களைப் பொழிவதுதான் தொல்லை. துருவத்தில் ஆறு மாதம் சூரியன் அடிவானத்துக்குக் கீழே கிடக்கும். அப்போது அங்கிருந்து வரும் நியூட்ரினோக்கள் தரைக்கடியிலிருந்து மேல்நோக்கி வரும். மியூவான்களால் பூமியைத் துளைத்து வர முடியாது.

இதுவரை சூரியனின் திசையில் மிகுதியாக எதுவும் தென்படவில்லை. துகள்களை மோதவிட்டு ஆராயும் செர்ன் ஆய்வகத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவியிலும் சூப்பர்சிமெட்ரித் துகள் அகப்படவில்லை. கோட்பாட்டின் எளிய வடிவங்களுக்கு இனி இடம் குறைவு என்றே நினைக்கிறேன்.

தேனி பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் 50,000 டன் காந்த இரும்பைக் கொண்டும் இத்தேடலைச் செய்யலாம் என்று நம் இயற்பியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மலையைக் குடைவது பற்றியும் காட்டைப் பற்றியும் எழுந்த கேள்விகளுக்குப் பதில் சொல்வது அரசின் கடமை. ஆனால் நியூட்ரினோவே நஞ்சு என்று கிளப்பிவிட்டது வெறும் பேய்க்கதை. சூரியனிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 6,500 கோடி நியூட்ரினோக்கள் உங்கள் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் கடந்துபோகின்றன, ஆய்வகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.