ஜோ: ஒரு வாணலிச் சொல்

"அக்கா, அத்தோவா செய்யுறீங்க?" என்று கேட்டுக்கொண்டே அடுக்களை வாசலில் வந்து நின்றான், சென்னையிலிருந்து வந்திருந்த சித்தி மகன். பர்மாவில் எங்கள் யாங்கோனில் (பழைய ரங்கூன்) அன்றைக்கும் கரண்ட் இல்லை. கரி அடுப்பில் வாணலி காய்ந்து, உள்ளே கவ்சுவே, அதாவது நூடுல்ஸ், புரண்டுகொண்டிருந்தது.

"அத்தோ இல்லடா, இது ஜோ."

"பேஜோ தெரியும். அத்தோ மேல நொறுக்கிப் போடுவாங்க. வெறும் ஜோன்னா என்னக்கா?"

தினம் பத்துத் தரம் சொல்லும் சொல். விளக்கம் கேட்டதும் எனக்கு வாய் அடைத்துப்போனது. கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தேன். அதற்குள் கவ்சுவே ஒரு பக்கம் அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதைத்தான் இப்போது ஒழுங்காக எழுதுகிறேன்.

ஜோ பர்மியச் சொல். எண்ணெய் விட்டுச் சமைப்பதைக் குறிக்கும் வினை. அப்படிச் சமைத்த பண்டத்துக்கும் அதுவே பெயர். பெரும்பாலும் தனியாக வராது, இன்னொரு சொல்லுக்கு வாலாகத்தான் வரும். பே என்றால் பருப்பு. பேஜோ, பருப்பைப் போட்டுப் பொரித்த தட்டை. பூதி என்றால் சுரைக்காய். பூதிஜோ, சாயங்காலம் தெருமுனையில் விற்கும் சுரைக்காய் பஜ்ஜி. தமின் என்றால் சோறு; தமின்ஜோ, நேற்றைய சோற்றைக் காலையில் எண்ணெயில் பிரட்டுவது. கவ்சுவே என்றால் நூடுல்ஸ். அதோடு சேர்ந்தால் கவ்சுவேஜோ. பன்றிக்கறி போட்டதென்றால் முன்னால் ஒரு வெத்தா சேரும். 'வெ' பன்றி, 'தா' சதை. எங்கள் அப்பாயி கடைசி வரை பன்றி என்ற சொல்லைச் சாப்பாட்டு வேளையில் சொன்னதில்லை. வெத்தா என்பார், மறுசோறும் வாங்கிக்கொள்வார்.

சித்தி மகன் குழம்பியதில் தப்பில்லை. 1964-இல் இங்கே 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போய், கடைகளும் அரசுடைமையாகி, கப்பலேறிச் சென்னை போன நம் ஆட்கள் இங்கிருந்து கொண்டுபோனதில் நாக்குப் பழக்கமும் ஒன்று. பர்மா பஜார் பக்கம் வண்டி போட்டு விற்ற அத்தோ சென்னைப் பண்டமாகவே ஆகிவிட்டது. ஆனால் அத்தோ அடுப்பில் சமைப்பது அல்ல. பர்மியத்தில் அது 'அதோ'. கடைசியில் ஒரு மெய் தொண்டையிலேயே நின்றுவிடும். கையால் கலந்தது என்று பொருள். அவித்த கவ்சுவேயில் முட்டைக்கோசு, வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், மிளகாய்த்தூள் போட்டுக் கையால் பிசறுவார்கள். பிசறுதல் என்ற நம் சொல் இதற்கென்றே செய்து வைத்தது போல இருக்கிறது. பிசைந்தால் குழைந்துவிடும், பிசறினால் குழையாது. ஆக அத்தோவுக்குத் தமிழ் தேடுவதில் கஷ்டமே இல்லை. ஜோதான் வம்பு.

வம்புக்குப் போகும் முன் ஒலியைப் பார்த்துவிடலாம். இந்தச் சொல்லைப் பர்மிய எழுத்தில் 'க்ரோ' என்பது போல எழுதுகிறார்கள். மேற்கே ரகைன் பக்கத்தில் அந்த ரகரத்தை இன்னும் உச்சரிக்கிறார்கள். யாங்கோன் பேச்சில் 'க்ர' மழுங்கிச் சகரம் ஆகிவிட்டது. ஆங் சான் சூகி என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதும் பெயரில் வரும் சூகியை இங்கே 'சூ சீ' என்றுதான் சொல்லுவோம். அங்கேயும் எழுத்து ககரம், ஒலி சகரம். அந்தச் 'சோ' உயிரொலிக்குப் பின்னால் வந்தால் மெலிந்து 'ஜோ' ஆகும்: பேஜோ, பூதிஜோ. முன்சொல் தொண்டையில் அடைத்து முடிந்தால் வலித்தே நிற்கும்: கோழிப் பொரியல் 'செச்சோ', செஜோ அல்ல. பகல் என்பதில் மெலிந்தும் பக்கம் என்பதில் வலித்தும் ஒலிக்கும் நம் ககரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பர்மியம் கற்க வரும் தமிழருக்கு இந்த இடம் மட்டும் இலவசமாகக் கிடைக்கிறது.

இன்னொன்று. போ ஆங் ஜோ தெரு என்று யாங்கோனில் ஒரு தெரு உண்டு. ஆங்கிலேயருக்கு எதிரான 1938 போராட்டத்தில் அடிபட்டு இறந்த மாணவரின் பெயர். அந்த ஜோவுக்குப் புகழ் என்று பொருள். எழுத்தும் வேறு. வாணலிக்கும் அதற்கும் ஒட்டில்லை.

'சௌமீன்' என்று ஓட்டல் பலகைகளில் எழுதியிருப்பதில் உள்ள சௌதான் நம் ஜோ என்று சிலர் சொல்கிறார்கள். சீனத்தில் 'சௌ' சூட்டில் கிளறுவது, 'மியன்' கோதுமை மாவும் அதில் செய்த நூடுல்ஸும். (மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மீன் இருக்கும் என்று நம்பி வாங்கி ஏமாந்தவர் எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் உண்டு.) சௌவும் ஜோவும் இன்றைக்கு ஒரே மாதிரி கேட்கின்றன, ஆனால் ஜோவின் பழைய உருவம் 'க்ரோ' என்று எழுத்தே காட்டிக்கொடுக்கிறது. இன்றைய ஒலியை வைத்து உறவு கொண்டாட முடியாது. சொல் அமைப்பும் தலைகீழ். சீனருக்கு வினை முன்னால், பொருள் பின்னால். பர்மியருக்கும் நமக்கும் பொருள்தான் முன்னால். கோழி வறுவல் என்போம், வறுவல் கோழி என்போமா?

பண்டம் என்னவோ சீனருடையதுதான். யாங்கோனின் லத்தா வட்டாரத்துச் சீனர் தெருக்களில் இன்றும் இரும்பு வாணலிச் சத்தம் ஓயாது. அவர்களில் ஹொக்கியன்காரரைப் பர்மியர் 'நீளக்கை' என்றும் கன்டோனியரைக் 'குட்டைக்கை' என்றும் பெயரிட்டு அழைத்தார்கள். வணிகர் சட்டைக் கை நீளம், தொழில் செய்கிறவர் கை குட்டை. வாணலி பிடிக்க எந்தக் கை தோதென்று சொல்ல வேண்டியதில்லை.

கவ்சுவேக்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். பர்மிய எழுத்துப்படி 'கவ்' மடித்தல், 'சுவே' இழுத்தல். மாவை மடித்து இழுத்து மடித்து இழுத்துச் செய்வதால் அந்தப் பெயர் என்பது ஒன்று. ஷான் மொழியில் 'காவ் சொய்' என்பார்கள்: சோறு அல்லது அரிசி, அதை நறுக்கியது. அது பர்மியர் வாயில் இப்படி ஆனது என்பது மற்றது. மடித்து இழுத்த கதை அழகாக இருக்கிறது. ஆனால் எழுத்துக்கூட்டைப் பார்த்துப் பின்னால் கட்டியதோ என்று எனக்குப் படும். எங்கள் உறவில் ஒரு பெரியப்பா இரண்டையும் தள்ளிவிட்டு, 'கைச்சேவை'தான் கவ்சுவே ஆயிற்று, கையால் பிழிந்த சேவை என்று கல்யாண வீட்டில் அடித்துச் சொன்னார். அவரோடு வாதாட யாருக்கும் தெம்பில்லை. இந்தியாவில் பெரிய ஓட்டல்களில் 'கௌ ஸ்வே' என்றால் தேங்காய்ப்பால் ஊற்றியதுதான் வரும். இங்கே அதற்கு ஓனோ கவ்சுவே என்று தனிப்பெயர். ஓன் தேங்காய், நோ பால். ஓனோ கடலோடு போய், கவ்சுவே மட்டும் கரை சேர்ந்திருக்கிறது.

இனி வம்பு. ஜோவுக்குத் தமிழ் என்ன?

அகராதியில் பார்த்தால் பொரித்தல், வறுத்தல் என்று இருக்கும். பேஜோவுக்குப் பொரித்தல் சரி. எண்ணெயில் முங்கி, குமிழி விட்டு, மொறுமொறுவென்று வரவேண்டும். தமின்ஜோவை அப்படிப் பொரித்தால் என்ன ஆகும்? பர்மியருக்கு எண்ணெய் முங்கினாலும் ஜோ, இரண்டு கரண்டி ஊற்றினாலும் ஜோ. நம் அடுக்களை அப்படி விடாது. ஈரம் இல்லாமல் சூட்டில் நிறம் மாற்றுவது வறுப்பது. வெங்காயம் சுருண்டு பளபளக்கும்வரை வைத்திருப்பது வதக்குவது. கீரையின் நீரை வற்றவைத்துப் பிரட்டுவது துவட்டுவது. உப்புமாவில் அடி மேலாக, மேல் அடியாகக் கரண்டி போடுவது கிளறுவது. ஒவ்வொன்றுக்கும் சூடு வேறு, எண்ணெய் வேறு, கை அசைவு வேறு. கவ்சுவேஜோவில் நடப்பது எது என்று செய்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இரண்டு மூன்று பேருக்கு 200 கிராம் கோதுமைக் கவ்சுவே. கறி 'வெத்தா ஸேதா' என்று கேட்டு வாங்குவேன். ஸேதா என்றால் பத்துப் பங்கு. நூறு பங்கு சேர்ந்தது ஒரு வீசை. பர்மா வீசை 1.63 கிலோ, அதனால் ஸேதா சுமார் 163 கிராம். இந்த நிறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'விஸ்' நம் வீசைதான். ஆனால் சென்னை வீசை நாற்பது பலம், 1.4 கிலோதான். பேர் நம்முடையது, எடை இவர்களுடையது.

கறியைச் சதை ஓட்டத்துக்குக் குறுக்கே மெல்லிசாக அரிய வேண்டும். ஒரு கரண்டி சோயா சாஸ், சிட்டிகைச் சர்க்கரை, மிளகுத்தூள், அரைக் கரண்டி சோளமாவு போட்டுப் பிசறி ஒதுக்கிவைக்கலாம். சோயா சாஸுக்கு இங்கே பே ஙான்பியாயே என்று பெயர்: பருப்பு மீன்சாறு. மீன்சாறுதான் முதலில் தெரிந்திருந்தது, புதிதாக வந்ததை அதன் பேரிலேயே கூப்பிட்டார்கள். மீன் ஒரு துளியும் கிடையாது. பேஜோவில் இருக்கும் அதே பேதான் இது.

கவ்சுவேயை முக்கால் வேக்காட்டில் எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, நன்றாக வடித்து, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிரித்து வைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் இந்த வடிப்பதில்தான் கோட்டைவிட்டேன். ஈரத்தோடு வாணலியில் கொட்ட, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகி, "கவ்சுவேக் கஞ்சி நல்லாத்தான் இருக்கு மருமவளே" என்று மாமியார் தட்டை நீட்டினார்.

வாணலி புகையும்வரை காய்ந்தபின் எண்ணெய், தட்டிய பூண்டு ஐந்தாறு பல், உடனே கறி. பரப்பிவிட்டு ஒரு நிமிஷம் தொடக்கூடாது. கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது, இருந்தே ஆகவேண்டும். அடிப்பக்கம் சிவந்ததும் திருப்பி, வெந்ததும் தட்டில் எடுத்துவிடலாம். அதே வாணலியில் காரட், முட்டைக்கோசு. காளி கோயிலை ஒட்டிய தெய்ஞ்ஜி சந்தையில் முளைப்பயறு கிடைத்தால் அதுவும். காய் வதங்கக்கூடாது, கடித்தால் நறுக்கென்று இருக்கவேண்டும். பிறகு கவ்சுவே, கறி, வாணலி ஓரமாகச் சுற்றி ஊற்றிய இரண்டு கரண்டி சோயா சாஸ். ஓரத்து இரும்பில் பட்டுச் சுரீரென்று எழும் அந்த வாசனைக்குத்தான் இவ்வளவு சூடு. அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டால் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. வெங்காயத்தாள், பூண்டெண்ணெய். பிறகு இந்த ஊர் வழக்கப்படி ஒரு சிட்டிகை 'இனிப்புத்தூள்'. அஜினமோட்டோவுக்கு இங்கே அதுதான் பெயர், நாக்கில் வைத்தால் இனிப்பு தெரியாது. பன்றிக்கறி ஆகாத வீட்டில் கோழி போட்டால் போதும், வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

ஆக, பொரிக்கவில்லை. வறுக்கவும் இல்லை. வதக்கினால் கெட்டுப்போகும். கிளறினால் இழை அறுந்துவிடும். தூக்கித் திருப்பிப் போட்டதுதான் மொத்த வேலை. செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் வீட்டில் கோழியை இப்படிச் செய்தால் பெரட்டல் என்போம், ஏட்டில் புரட்டல். கவ்சுவேஜோவில் இருக்கும் ஜோவுக்கு அதுதான் நேர்ச்சொல். புரட்டு என்றால் பித்தலாட்டமும்கூட என்று சித்தி மகன் இடக்காகச் சொன்னான். புரட்டல் என்று லகரத்தோடு முடித்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

நூடுல்ஸுக்கு? குழைமா என்றும் நூலடை என்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். குழையக்கூடாது என்று நான் பாடுபடும் பொருளுக்குக் குழைமா என்று பேர் வைத்தால் எப்படி? அடை தட்டையானது, நூல் நீளமானது. இரண்டும் ஒரு தட்டில் உட்காராது. நூலப்பம் தேவலை, இடியப்பத்துக்குத் தம்பி போல இருக்கிறது. ஆனாலும் கடையில் போய்க் கேட்க எனக்குக் கவ்சுவே போதும், உங்களுக்கு நூடுல்ஸ் போதும். பண்டம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே பேரும் வரட்டும். வினைச்சொல்லுக்குத்தான் நாம் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. அது நம் அடுக்களையில் நிறையக் கிடக்கிறது. ஆகவே என் கணக்கில் வெத்தா கவ்சுவேஜோ என்பது பன்றிக்கறி நூடுல்ஸ் புரட்டல்.

அன்றைக்குத் தட்டைக் காலி செய்துவிட்டுச் சித்தி மகன் சென்னைக்குப் போன் போட்டான். சித்தி எட்டு வயதில் கப்பலேறியவர்.

"என்னடா சாப்பிட்ட?"

"பன்றிக்கறி நூடுல்ஸ் புரட்டல்மா."

"என்னது?"

"புரட்டல்மா. அக்காதான் சொன்னாங்க."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"வெத்தா கவ்சுவேஜோன்னு சொல்லித் தொலையேன்டா. பூண்டெண்ணெய் ஊத்துனாளா?"