கியர்பொக்ஸை இறக்குமுன் கேபிள் முனையைப் பாருங்கள்

கியர் லீவர் லொடலொடவென்று ஆடுகிறது. முதலாம் கியர் எங்கே, மூன்றாம் கியர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. றிவேர்ஸ் ஒருநாள் விழுகிறது, மறுநாள் அடம்பிடிக்கிறது. இப்படிச் சொல்லிக்கொண்டு எங்கள் கராஜுக்கு வருகிறவர்களில் பலர், அதற்கு முன்பே வேறோரிடத்தில் "கியர்பொக்ஸ் போய்விட்டது, இறக்கித்தான் பார்க்க வேண்டும்" என்ற தீர்ப்பைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களின் முகத்தில் வாகனக் கவலையைவிடப் பணக் கவலைதான் அதிகம். பொனற்றைத் திறந்து பார்த்தால், குற்றவாளி பல தடவை சுண்டுவிரல் நுனியளவு பிளாஸ்ரிக் துண்டாக இருக்கும். கேபிள் புஷ் என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

முன்சில்லுகள் இழுக்கும் கார்கள் பலவற்றில் எஞ்சின் குறுக்காகக் கிடக்கும். கியர்பொக்ஸ் அதன் ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கும். உள்ளே நீங்கள் பிடிக்கும் லீவருக்கும் அதற்கும் இடையில் நேரடித் தொடர்பு இல்லை. இரண்டு எஃகுக் கேபிள்கள்தான் உங்கள் கையின் அசைவைக் கொண்டுபோகின்றன. லீவரை இடம் வலமாக நகர்த்துவதை ஒரு கேபிளும், முன்னும் பின்னும் தள்ளுவதை மற்றக் கேபிளும் சுமக்கின்றன. கியர்பொக்ஸின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகளிலும் உருண்டைத் தலையுள்ள ஆணி இருக்கும். கேபிளின் முனையிலுள்ள வளையம், சட்டையின் அழுத்துப் பொத்தானைப் போல அந்த உருண்டையில் "டக்" என்று பொருந்தி நிற்கும். வளையத்துக்கும் உருண்டைக்கும் நடுவே நைலோனிலோ ரப்பரிலோ செய்த புஷ் இருக்கிறது. அது தேய்ந்தால் ஆட்டம். வெடித்து விழுந்தால் கேபிள் கழன்றுவிடும். லீவர் கையோடு வரும், கியர் மாறாது.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கோளாறு ஏன் இவ்வளவு தவறாக அடையாளம் காணப்படுகிறது என்பதற்கு எனக்கு ஒரு காரணம் தெரிகிறது. இங்கே தொழில் பழகிய தலைமுறை மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரினிலும் கை வைத்து வளர்ந்தது. மொறிஸ் மைனரில் லீவரின் அடி நேரே கியர்பொக்ஸின் மேற்பகுதிக்குள் இறங்கும். இடையில் கேபிளே கிடையாது. அங்கே கியர் விழவில்லை என்றால் கிளச் அல்லது கியர்பொக்ஸின் உட்பகுதி என்பதுதான் பெரும்பாலும் முடிவு. அந்த அறிவில் பிழை இல்லை. ஆனால் 2012இல் வெளிவந்த மாருதி சுசுகி அல்ரோ 800 போன்ற கேபிள் வாகனத்துக்கு அதை அப்படியே பொருத்தினால், வாகனக்காரர் வீண் செலவு செய்வார்.

இன்னொன்று, நம் கார்கள் முதுமையடைந்துவிட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் எல்லோரும் இருந்ததையே ஓட்டினோம். பிளாஸ்ரிக்கும் ரப்பரும் கிலோமீற்றரைப் பார்த்து மட்டும் கெடுவதில்லை; ஆண்டுகளையும் வெப்பத்தையும் பார்த்துக் கெடும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வாங்கிவிட்டுப் போய், போர்ட்டிக்கோவில் தறப்பாளின் கீழ் கிடக்கும் காரின் மீற்றர் குறைவாகக் காட்டலாம். அதன் புஷ் காய்ந்து மொறுமொறுத்துத்தான் இருக்கும். காரைநகர், வேலணைப் பக்கத்து வாகனங்களில் உப்புக்காற்றால் உருண்டை ஆணி கறள் பிடித்து, அந்தச் சொரசொரப்பே புஷ்ஷை உள்ளிருந்து அராவிவிடுகிறது. சாரதிப் பயிற்சிக் கார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாளெல்லாம் கியர் மாற்றுவதுதான் அவற்றின் வேலை.

"ஆட்டம்தானே, பழகிவிட்டது" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. இடம் வலமாக அசைக்கும் கேபிளின் புஷ் தேய்ந்தால் நீங்கள் நினைக்கும் கியர் ஒன்று, விழும் கியர் இன்னொன்று. ஏ9 வீதியில் ஐந்தாம் கியரில் வேகமாகப் போகிறீர்கள். நான்குக்கு இறக்குவதாக நினைத்து லீவரை இழுக்கிறீர்கள். அது இரண்டில் விழுகிறது. கிளச்சை விட்ட அந்தக் கணத்தில் எஞ்சின் தன் எல்லையைத் தாண்டிச் சுழலும், முன்சில்லுகள் பிடித்து இழுத்தது போலாகும். பின்னால் சொகுசு பஸ் வந்துகொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று எழுத விரும்பவில்லை. இதைவிட என்னை உறுத்துவது ரயில் கடவை. வடபகுதி ரயில் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015இல் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்ததிலிருந்து, நம் ஊர் ஒழுங்கைகள் பல தண்டவாளத்தைக் கடக்கின்றன. பாதுகாப்பற்ற கடவையில் மெதுவாக ஏறி, முதலாம் கியருக்கு மாற்றும் நேரத்தில் புஷ் உடைந்தால் கார் தண்டவாளத்தின் மேல் நிற்கும். அந்த நிலையில் லீவரோடு மல்லுக்கட்டக் கூடாது. ஆட்களை இறக்கி விலக்குவதுதான் முதல் வேலை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, கிளச்சை மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். எஞ்சின் நிற்கும்போது வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரத்தால் சந்தேகம் கிளச்சின் மேல் விழ வேண்டும். எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் ஒரே ஆட்டம் என்றால் கேபிள் பக்கம் போங்கள். ஒருவரை உள்ளே இருத்தி லீவரை ஆறுதலாக அசைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ரோச் லைற்றோடு கியர்பொக்ஸின் கைகளைப் பாருங்கள். இங்கேதான் கண் கவனமாக இருக்க வேண்டும். கேபிள் வளையம் முதலில் நகர்ந்து, கை சற்றுப் பிந்தி நகர்ந்தால் அந்த இடைவெளி முழுவதும் தேய்ந்த புஷ். வளையமே அசையவில்லை என்றால், உள்ளே லீவரின் அடியிலுள்ள புஷ் உடைந்திருக்கிறது அல்லது கேபிள் அறுந்திருக்கிறது. கை தன் முழுத் தூரமும் போய் வந்தும் கியர் விழவில்லை என்றால் மட்டுமே கியர்பொக்ஸை இறக்கும் பேச்சை எடுக்கலாம்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை தன் காரைக் கொண்டுவந்தார். வீதித் தடைகளைச் சுற்றி முதலாம், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து, ஆட்டம் முற்றிவிட்டிருந்தது. கியர்பொக்ஸ் வேலைக்கு ஒரு பெரிய தொகை சொல்லப்பட்டு, நகையை அடகு வைக்கும் யோசனையில் இருந்தார். பற்றறியை எடுத்து, தட்டைக் கழற்றியதும் வளையம் தெரிந்தது. விரலால் தொட்டவுடன் புஷ்ஷின் பாதி கையில் வந்தது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய நைலோன் தேயிலைச் சாயத்தில் இருந்தது. நகத்தால் அழுத்தியதும் பொடிந்தது. உருண்டையின் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தது, வளையத்தின் இரும்பு அதில் உராய்ந்ததால். "இதற்காகவா தம்பி கியர்பொக்ஸை இறக்கச் சொன்னார்கள்?" என்று கேட்டார். புது புஷ் போட்டுக் கொடுத்தோம். மாற்றுவதற்கு முன் அந்த ஆட்டத்தை அவருக்கு அசைத்துக் காட்டியதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: பழுதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

புஷ் மாற்றும் வேலை சிறியது. அவசரப்பட்டால் கேபிளையே கெடுத்துவிடும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஹான்ட் பிறேக் போட்டாலும் போதாது, சில்லுக்குக் கல் வையுங்கள், கியர் எந்த நிலையிலும் கழன்றிருக்கலாம். பற்றறியின் மறை முனையை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள். எந்தக் கேபிள் எந்தக் கையில் இருந்தது என்று பெயின்ற்றால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். வளையத்தைத் தட்டைத் திருப்புளியால் உருண்டைக்கு மிக அருகில் நெம்ப வேண்டும். கேபிளின் மெல்லிய தண்டைப் பிடித்து இழுத்தால் அது வளையும், வளைந்தது பின்னர் அறும். சில கேபிள்களில் நீளத்தைச் சரிசெய்யும் பூட்டு இருக்கும். அதில் கை வைக்காதீர்கள். வைத்துவிட்டால் லீவரையும் கியர்பொக்ஸையும் நியூற்றலில் நிறுத்தி மீண்டும் சரிசெய்ய வேண்டும்.

பழைய புஷ்ஷின் மிச்சத்தைக் கத்தியால் வழித்து, உருண்டையின் கறளை மென்மையான எமரித் தாளால் துடையுங்கள். புது நைலோன் புஷ் விறைப்பாக இருந்தால் சில நிமிடம் சுடுநீரில் போட்டு எடுங்கள், இளகிக் கொடுக்கும். குறட்டால் அல்லது சிறிய இடுக்கியால் நேராக அழுத்த வேண்டும். சுத்தியல் வேண்டாம். ரப்பர் புஷ்ஷுக்குச் சிலிக்கோன் கிறீஸ்தான்; சாதாரணக் கிறீஸ் பட்டால் ரப்பர் ஊதிப் போகும். அதையும் அளவோடு பூசுங்கள். நம் செம்மண் புழுதியும் மணலும் கிறீஸில் ஒட்டினால் அதுவே அரமாகிவிடும். எஞ்சின் பக்கத்துப் புஷ்தான் வெப்பத்தால் முதலில் போகும். ஆனாலும் ஒன்று போயிருந்தால் அதன் சோடியையும், உள்ளே லீவரடியில் உள்ளவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. சோடியாக மாற்றுவதற்கே நான் வாக்களிப்பேன்.

லேத்தில் கொடுத்துப் பித்தளைப் புஷ் கடைந்து போடலாமா என்று கேட்கிறார்கள். நம் லேத்காரர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனாலும் இதற்குப் பித்தளை வேண்டாம். எஞ்சினின் அதிர்வு முழுவதும் லீவருக்கு வரும். அதைவிட, புஷ் தேய்வதற்குப் பதிலாக உருண்டை தேயும். உருண்டை கியர்பொக்ஸின் கையோடு சேர்ந்தது. அது தேய்ந்தால் முழுக் கையையும் மாற்ற வேண்டும். வேறு வழியே இல்லை என்றால் நைலோன் தண்டில் கடையச் சொல்லுங்கள்.

இனிக் கட்டுக்கம்பி. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் துளிகளை விட்டு எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. இல்லாததை இருப்பதால் நிரப்பும் அந்தத் திறமை எங்களைக் காப்பாற்றியது. அதை நான் மதிக்கிறேன். வழியில் கேபிள் கழன்றால், எஞ்சினை நிறுத்திவிட்டு, வளையத்தை உருண்டையில் வைத்துப் பிளாஸ்ரிக் பட்டியாலோ கம்பியாலோ கட்டி, பக்கத்துக் கராஜ் வரை மெதுவாகப் போகலாம். ஆனால் அந்தக் கட்டோடு மாதக்கணக்கில் ஓடும் கார்களை இங்கே பார்க்கிறேன். பட்டி எஞ்சின் சூட்டில் இளகும், கம்பி அதிர்வில் அறும். பொருள் கிடைக்காத காலம் போய்விட்டது.

வாங்கப் போகும்போது கார் மொடலை மட்டும் சொல்லாதீர்கள். வேணியர் இடுக்கிமானியால் உருண்டையின் விட்டத்தையும் வளையத் துளையின் விட்டத்தையும் அளந்து, உடைந்த துண்டையும் கொண்டுபோங்கள். ஒரு மில்லிமீற்றர் கூடினாலும் ஆட்டம் போகாது. பல நிறுவனங்கள் புஷ்ஷைத் தனியாக விற்பதில்லை, முழுக் கேபிளாகத்தான் தருவார்கள். கடைக்காரர் அப்படிச் சொன்னால் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் கிடைக்காவிட்டால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் விசாரிக்கலாம். அளவும் படமும் அனுப்பினால் போதும். கேபிளின் வெளியுறை உருகியிருந்தாலோ, முனையில் எஃகு இழை பிரிந்து தெரிந்தாலோ, புது புஷ்ஷில் காசைச் செலவழிக்காமல் கேபிளையே மாற்றிவிடுங்கள்.