கார்ட்லெஸ் போன் பொட்டியில 10 கிலோமீட்டர்னு போட்டிருந்தா உடனே வாங்கிடாதீங்க

இன்டர்காம், ஆபீஸுக்குள்ள போன்கள இணைக்கிற ஈபிஏபிஎக்ஸ் பொட்டி மாட்டுறதுதான் நமக்குப் பொழப்பு, 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. கொஞ்ச நாள் முன்னாடி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புலேர்ந்து போன், வீட்டுக்கும் கடைசி மோட்டார் ரூமுக்கும் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், அங்க போனா மொபைல்ல ஒரு கோடு வந்தாலே பெருசு. தோப்புக்காரர் ஆன்லைன்ல ஒரு லாங் ரேஞ்ச் கார்ட்லெஸ் வாங்கி வெச்சுட்டுக் கூப்பிட்டிருக்காரு.

"தம்பி, 10 கிலோமீட்டர்னு போட்டிருக்கான், மாட்டுத்தொழுவத்தத் தாண்டுனாலே கொர்ருங்குது. ஆன்டெனாவ மட்டும் தண்ணி டேங்க் மேல ஏத்திக் குடுத்துரு."

பொட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், ரேடியோ சாதனத்துக்கு அரசாங்கம் ஒப்புதல் குடுத்ததுக்கு அடையாளமான ஈடிஏ நம்பரே இல்ல. அலைவரிசை 300க்கும் 400 மெகாஹெர்ட்ஸுக்கும் நடுவுல. "ஐயா, இத நான் மாட்ட மாட்டேனுங்க, உங்களுக்கும் சிக்கல் எனக்கும் சிக்கல்"னேன், மூஞ்சி சுண்டிப்போச்சு மனுசனுக்கு.

கார்ட்லெஸ்ங்கிறது என்னன்னா, லேண்ட்லைன் ஒயர் வர்ற பேஸ் ஒன்னு, கையில ஹேண்ட்செட் ஒன்னு, ரெண்டுக்கும் நடுவுல ரேடியோ, அவ்வளவுதான். வீட்டுல இருக்குற சாதாரண டெக்ட் போன்ல, அதாவது டிஜிட்டல் கார்ட்லெஸ்ல, பேஸ் சராசரியா 10 மில்லிவாட்தான் அனுப்பும், வெட்டவெளில 300 மீட்டர், சுவரு குறுக்க வந்தா 50 மீட்டர்னு வெச்சுக்கங்க. லாங் ரேஞ்ச் செட்டு அப்படி இல்ல, வாட் கணக்குல பவர் போட்டு, போறதுக்கு ஒரு அலைவரிசை வர்றதுக்கு ஒரு அலைவரிசைன்னு தள்ளும்.

ஆனா தூரத்த முடிவு பண்றது பவர் மட்டும் இல்ல, உயரமும்தான். ஆன்டெனா 25 மீட்டர் ஒசரத்துல இருந்தா ரேடியோவோட அடிவானம், அதாவது பூமி வளைவு மறைக்காம அலை எட்டுற தூரம், சுமார் 20 கிலோமீட்டர், கையில இருக்குற ஹேண்ட்செட்டுக்கு வெறும் 5. ரெண்டையும் கூட்டித்தான் பொட்டியில பெரிய நம்பர் போடுறாங்க, அதுவும் நடுவுல ஒரு மரம் இல்லாத பொட்டல் காட்டுக்கு. தென்னந்தோப்புல ஓலை முழுக்க ஈரம், மழை பேஞ்சா கேக்கவே வேணாம், சிக்னல அதுவே குடிச்சிரும். இதுல சிலபேரு ஆன்டெனாவ மேல ஏத்திட்டு கேபிள்ல காசு மிச்சம் புடிக்கிறாங்க, மெல்லிசான ஆர்ஜி 58 கேபிள 30 மீட்டர் இழுத்தா 400 மெகாஹெர்ட்ஸ்ல 10 வாட் போட்டா மேல போயி சேர்றது 1 வாட்தான், மீதி கேபிள்லயே சூடாப் போயிரும்.

சரி, சட்டம். 1933ல வந்த ஒயர்லெஸ் டெலிகிராஃபி சட்டத்துலேர்ந்து 2023 டெலிகாம் சட்டம் வரைக்கும், அனுமதி வேண்டிய ரேடியோ சாதனத்த அனுமதி இல்லாம கையில வெச்சிருக்குறதே தப்பு, பேசுனாத்தான் தப்புன்னு இல்ல. சும்மா கெடுபிடின்னு நெனைக்காதீங்க, விமானம் தரையிறங்குறப்ப எந்தச் சரிவுல வரணும்னு பைலட்டுக்குக் காட்டுற சிக்னல் 329லேர்ந்து 335 மெகாஹெர்ட்ஸ்லதான் வருது. அதே அலைவரிசைப் பக்கம் நாம உக்காந்துக்கிட்டு தேங்கா வெல பேசலாமா? இன்னொன்னு, பழைய அனலாக் செட்டுல பேசுறத, அலைவரிசையத் தேடிப் புடிக்கிற ஸ்கேனர் ரேடியோ வெச்சிருக்குறவன் எவனும் ஒட்டுக்கேக்கலாம்.

இதுல இன்னொரு கூத்து, அமெரிக்காலேர்ந்து புள்ளைங்க வாங்கிட்டு வர்ற டெக்ட் 6.0 போன். அந்த 6.0க்கு 6 கிகாஹெர்ட்ஸுன்னு அர்த்தமே இல்ல, அங்க ஏற்கெனவே வித்த 5.8 கிகாஹெர்ட்ஸ் கார்ட்லெஸ்ஸ விடப் பெருசாத் தெரியணும்னு வெச்ச பேரு. அது ஓடுறது 1920லேர்ந்து 1930 மெகாஹெர்ட்ஸ்ல, ஐரோப்பாவோட டெக்ட்டுக்கு 1880லேர்ந்து 1900. நம்ம நாட்டுல 2100 மெகாஹெர்ட்ஸ் மொபைல் பேண்ட்ல, போன்லேர்ந்து டவருக்குப் போற பக்கம் 1920லதான் ஆரம்பிக்குது. டவர் ரொம்ப மெலிசான சிக்னலக் காது குடுத்துக் கேட்டுட்டு இருக்கும், கார்ட்லெஸ் பேஸோ யாரும் பேசாட்டியும் நான் இருக்கேன் நான் இருக்கேன்னு ஓயாம அனுப்பிட்டே இருக்கும், அதனால சுத்துவட்டாரத்துல மொபைல் கெட வாய்ப்பிருக்கு, வீட்டுக்காரங்களுக்கு அது தெரியவே தெரியாது. நல்ல போனுதான், ஆனா அங்கயே வெச்சுட்டு வரச் சொல்லுங்க.

தூரத்துக்கு ரேடியோவே ஆகாதான்னா, அப்படியும் இல்ல. சென்னை ஐஐடில டெக்ட்ட வெச்சே, ஒயர் இழுக்காம வீடுகளுக்கு போன் குடுக்குற கார்டெக்ட்னு ஒன்னு பண்ணாங்க, ஆன்டெனாவுக்கு ஆன்டெனா நேரா தெரிஞ்சா 10 கிலோமீட்டர், நடுவுல ரிலே போட்டா 25. அதெல்லாம் முறையா அனுமதி வாங்கி ஓடுன நெட்வொர்க், வீட்டு முனையில சுவத்துல மாட்டுன செட்டு, கையில தூக்கிட்டு சுத்துறது இல்ல.

நம்ம தோப்புக்காரருக்கு என்ன பண்ணேன்னா, சொட்டுநீர் பைப்புக்குத் தோண்டுன பள்ளத்துலயே உலோகம் இல்லாத கவசம் போட்ட ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிள் ஒன்னு ஓட்டி, ரெண்டு முனையிலும் ஒளிய நெட்வொர்க் சிக்னலா மாத்துற கன்வெர்ட்டர், மோட்டார் ரூம்ல நெட்வொர்க் வழியா பேசுற ஐபி டெக்ட் பேஸ் ஒன்னு. இடி விழுந்தாலும் ஃபைபர் வழியா கரண்ட் பாயாது. கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாததால சின்ன யூபிஎஸ் ஒன்னு வெச்சே ஆகணும்னு சண்டை போட்டு வெச்சேன், பேஸுக்கு கரண்ட் இல்லன்னா கார்ட்லெஸ் வெறும் பொம்மை. பேட்டரி மாத்துறப்பவும் சார்ஜ் ஆகுற நிக்கல் செல்தான் போடணும், கடையில கெடைக்குற சாதா செல்லப் போட்டு அது ஒழுகி பச்சையாப் பூத்து என்கிட்ட வந்த ஹேண்ட்செட்டு எத்தனையோ.

அந்த 10 கிலோமீட்டர் செட்டு? வித்தவன் திருப்பி எடுக்க மாட்டேங்குறான். "மச்சான் தோட்டத்துக்குக் குடுத்துரட்டுமா தம்பி?"ன்னு கேட்டாரு. வேணாங்க ஐயான்னேன்.