"ஸ்ட்ரோக் வந்தப்புறம் மனுஷன் கல்லாயிட்டார்" என்று சொல்லாதீர்கள்

"இவருக்கு எங்க மேல பாசமே போயிடுச்சு." வலது மூளையில் பக்கவாதம் வந்தவர்களின் வீட்டார் ஸ்பீச் தெரபி அறையில் வந்து உட்கார்ந்ததும் சொல்வது இதுதான். பல மாதம் சண்டை போட்டு ஓய்ந்த பிறகே வருகிறார்கள். அதுவரை யாரும் அனுப்புவதில்லை. பேச்சுதான் தெளிவாக இருக்கிறதே, ஸ்பீச் தெரபி எதற்கு என்ற நினைப்பு. இந்த ஒரு நினைப்பால் எத்தனை குடும்பங்கள் வீணாக மனம் கசந்து போகின்றன!

பேச்சு என்றால் சொற்கள் மட்டும்தானா? "வாங்க" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நெடுநாள் கழித்து வந்த அண்ணனுக்குச் சொல்லும் "வாங்க" வேறு. மூன்றாம் முறையாகக் கடன் கேட்டு வந்தவருக்குச் சொல்வது வேறு. இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பும் கணவரிடம் "வாங்க, வாங்க" என்று இழுத்தால் அது வரவேற்பே இல்லை. எழுதிப் பார்த்தால் மூன்றும் ஒன்று. சுருதியின் ஏற்ற இறக்கம், சத்தம், வேகம், எந்த எழுத்தில் இழுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. சொல்லுக்குப் பொருள் காண்பது பெரும்பாலானவர்களுக்கு இடது மூளையின் வேலை. குரலிலிருந்து உணர்ச்சியைப் பிடிப்பதில் வலது மூளைக்குத்தான் பெரும்பங்கு. ஆகவே சொல் அப்படியே இருக்க, தொனி மட்டும் போய்விட முடியும். சொல் தெளிவாக வருவதை வைத்து மூளையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

இதற்கு அப்ரோசோடியா என்று பெயர். 1981-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் எலியட் ராஸ் இதை வகைப்படுத்தி எழுதினார். வலது மூளையின் முன்பகுதி அடிபட்டால் தன் குரலில் உணர்ச்சி ஏறாது. பின்பகுதி அடிபட்டால் பிறர் குரலில் இருப்பது புரியாது. இரண்டும் சேர்ந்து போவதும் உண்டு. எல்லா நோயாளிக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் ஸ்கேனைப் பார்த்ததும் எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஸ்ட்ரோக்கின் தீவிரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் என்.ஐ.எச். (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம்) அளவுகோலில் மொத்தம் 42 புள்ளி. மொழி சார்ந்தவற்றுக்கு அதில் 7. வலது மூளை அடிபட்டவர்கள் பலருக்கு வரும், இடப்பக்கத்தைக் கவனிக்காமல் விடும் குறைக்கு 2. தொனிக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஆஸ்பத்திரியில் இது தப்பிப்போவதில் ஆச்சரியமே இல்லை.

வீட்டில் நடப்பது இப்படி. மனைவி எரிச்சலில், "ரொம்ப நல்லாருக்கு நீங்க பண்றது!" என்கிறார். அவர் நிமிர்ந்து பார்த்து, "சரி" என்று தட்டில் மறுபடி கை வைக்கிறார். அவருக்குப் போய்ச் சேர்ந்தது பாராட்டு. மகள் போனில் குரல் உடைந்து, "ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். "சரிம்மா" என்று வைத்துவிடுகிறார். திமிர் என்கிறார்கள், அழுத்தம் என்கிறார்கள். அவரையே கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். தன் குறை தனக்கே தெரியாமல் இருப்பதும் வலது மூளை பாதிப்பில் அடிக்கடி வருவதுதான். அதைப் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள்.

சோதிப்பது எளிது. முதலில் ஆடியோகிராம் எடுத்துக் காது கேட்பதை உறுதி செய்யுங்கள். பிறகு முகம் தெரியாதபடி அவருக்குப் பின்னால் நின்று, "அவங்க நாளைக்கு ஊருக்குப் போறாங்க" என்பது போன்ற உணர்ச்சி இல்லாத ஒரு வாக்கியத்தைச் சந்தோஷம், வருத்தம், கோபம், சாதாரணம் என நான்கு தொனியிலும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். தொனிக்கு ஐந்து முறை, மொத்தம் இருபது. எது என்று அட்டையில் தொட்டுக் காட்டட்டும். அட்டையில் நான்கையும் மேலிருந்து கீழாக எழுதுங்கள். இடமிருந்து வலமாக எழுதினால் இடப்பக்கம் இருப்பது அவர் கண்ணில் படாமலே போகலாம். தொனி புரியவில்லை என்று தப்பாக முடிவெடுப்போம். அடுத்து அதையே வெறும் "பபபபப" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். கடைசியில் அவரையே அந்தத் தொனிகளில் சொல்லச் சொல்ல வேண்டும். நிறையத் தவறினால் தாமதிக்காமல் தெரபிஸ்ட்டிடம் அழைத்து வாருங்கள்.

பயிற்சி உண்டு. தெரபிஸ்ட்டோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்வது, பிறகு கேட்டுத் திரும்பச் சொல்வது, பிறகு தானாகச் சொல்வது என்று துணையைப் படிப்படியாகக் குறைப்போம். இன்னொரு முறையில் உணர்ச்சியின் பெயர், "சத்தம் கூடும், வேகம் கூடும்" போன்ற குறிப்பு, முகப்படம் மூன்றையும் அட்டையாகக் கொடுத்து, ஒவ்வொன்றாக எடுத்துவிடுவோம். பழைய குரல் முழுக்கத் திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

அதனால் மாற வேண்டியது வீட்டாரும்தான். குத்தலாகப் பேசுவதை நிறுத்துங்கள், அது அவருக்கு எட்டாது. கோபமா? "எனக்கு இப்ப கோவமா இருக்கு, மாத்திரையைப் போடாததுக்கு" என்று காரணத்தோடு சொல்லுங்கள். வருத்தமா? வாயைத் திறந்து சொல்லுங்கள். டி.வி.யை அணைத்துவிட்டு, அவர் வலப்பக்கமாக முகம் தெரிய உட்காருங்கள். முக்கியமான விஷயத்தைப் போனில் பேசாதீர்கள். இடது மூளையில் ஸ்ட்ரோக் வந்து பேச்சு இழந்தவரிடம் நிலைமை பெரும்பாலும் தலைகீழ்: சொல் புரியாவிட்டாலும் உங்கள் குரலின் சலிப்பு அவருக்குப் புரிந்துவிடும். தயவுசெய்து அவரிடம் கத்தாதீர்கள்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன். குரல் தட்டையாக இருப்பவருக்கு உள்ளே ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு மனச்சோர்வு வருவது சகஜம். இவர்களிடம் அதைக் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. "தூக்கம் வருதா? சாப்பாடு இறங்குதா? செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். "ஆமா" என்று அவர் மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னாலும் அதை அப்படியே நம்பி, தனியாக விடாமல், அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.