வீடு காலி பண்றீங்களா? ஆசிட் பாட்டில தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

சேலத்துல வாடகை வீடு காலி பண்றப்ப ஓனர் வந்து மொதல்ல எட்டிப்பாக்கற எடம் ஹால் இல்லைங்க, பாத்ரூம். பைப்புக்கு கீழ வெள்ளையா கோடு, டைல்ஸ்ல புள்ளி புள்ளியா உப்பு, பக்கெட் வச்ச எடத்துல வட்டமா கறை, இதெல்லாம் பாத்துட்டு "என்னங்க இப்படி வச்சிருக்கீங்க"ன்னு இழுத்தார்னா அட்வான்ஸ்ல கை வைக்கப்போறார்னு அர்த்தம். அதுக்கு பயந்துக்கிட்டே நம்மாளுங்க ஆசிட் ரெண்டு பாட்டில் வாங்கியாந்து தரை முழுக்க ஊத்தி சீமாறு போட்டு தேச்சு விட்ருவாங்க. கறை போகும், உண்மைதான். கூடவே வேற என்னல்லாம் போகுதுங்கறதுதான் விஷயம்.

மொதல்ல இந்த கறை எப்படி வருதுன்னு பாத்துருவோம். மழைத்தண்ணி மண்ணுக்குள்ள எறங்கறப்ப, அங்க வேருங்களும் நுண்ணுயிருங்களும் மூச்சு விட்டு சேந்து கெடக்கற கார்பன் டை ஆக்சைட கரைச்சுக்கிட்டு, லேசான கார்பானிக் ஆசிட்டா மாறிடுது. நம்ம ஊரு நெலம் அடியில எல்லாம் கெட்டிப்பாறை, தண்ணி நிக்கறது பாறை வெடிப்புலதான், அங்க வருஷக்கணக்குல பாறைய தொட்டுக்கிட்டே கெடக்கறதால கால்சியம், மெக்னீசியம் ரெண்டையும் பைகார்பனேட்டா கரைச்சு வச்சுக்கும். போர் மோட்டார் போட்டு அத மேல இழுத்து தொட்டில விட்டதும் கரைஞ்சிருந்த கார்பன் டை ஆக்சைடு வெளிய ஓடிரும், அது போனதும் கால்சியத்தால கரைஞ்சு நிக்க முடியாது, கால்சியம் கார்பனேட்டா கெட்டியாகி ஒட்டிக்கும். சூடு பண்ணா இன்னும் வேகம், அதனாலதான் கீசர் காயில் மேல ஓடு மாதிரி கட்டிக்கறது.

அளவு எவ்ளோன்னு ஒரு கணக்கு. குடிதண்ணிக்கான இந்திய தர நிர்ணயத்துல கடினத்தன்மை (கரைஞ்சிருக்கற கால்சியம், மெக்னீசியத்த கால்சியம் கார்பனேட் கணக்குல சொல்ற அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற வழியே இல்லன்னா 600 வரைக்கும் ஒத்துக்கலாம்னு இருக்கு. 600னே வச்சுக்குவோம், பத்து லிட்டர் பக்கெட் தண்ணில ஆறு கிராம் வருது, அதாவது ஒரு டீஸ்பூன் பொடிய ஒவ்வொரு பக்கெட்டுக்கும் கலந்துதான் குளிக்கறோம். பெரும்பகுதி சாக்கடைக்கு போயிடும், ஆனா பைப் நுனில தொங்கற கடைசி சொட்டும் செவுத்துல தெறிச்சதும் அங்கயே காயுதுல்ல, அது வச்சுட்டு போறதுதான் இந்த கறை. குடிக்க காவிரி தண்ணி, குளிக்க தொவைக்க போர் தண்ணின்னு இருக்கற வீடுகள்ல கிச்சன் பைப் பளிச்சுன்னும் பாத்ரூம் பைப் வெள்ளை பூத்தும் இருக்கறதுக்கு இதான் காரணம்.

இப்ப ஆசிட். கடையில விக்கறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், டாய்லெட் கிளீனர் பலதுலயும் அதேதான் கொஞ்சம் கெட்டியா கலர் போட்டு வரும். கால்சியம் கார்பனேட் மேல பட்டதும் ஸ்ஸ்ஸுன்னு நுரைக்குது பாருங்க, அது அழுக்கு வெளிய வர்ற நுரை இல்ல, கல்லு ஒடஞ்சு கார்பன் டை ஆக்சைடு வெளிய வருது, மிச்சம் கால்சியம் குளோரைடா தண்ணில கரைஞ்சு போயிடும். பிரச்சனை எங்கன்னா, பழைய வீட்டு மொசைக் தரைல பதிச்சிருக்கறது மார்பிள் சில்லு, மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான். டைல்ஸ் நடுவுல இருக்கற சிமெண்ட் கோடு, அதுலயும் ஆசிட் கரைக்கற கால்சியம்தான். செவுத்துல அடிச்ச சுண்ணாம்பு காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட இழுத்து கடைசில ஆகறதும் அதே கால்சியம் கார்பனேட். ஆசிட்டுக்கு இது கறை இது தரைன்னு பிரிச்சு பாக்க தெரியாதுங்க. மொசைக் தரைல ஒரு சொட்டு விட்டு துணில தொடச்சுட்டு டார்ச் அடிச்சு சாய்வா பாருங்க, சொட்டு விழுந்த எடம் மட்டும் பாலிஷ் போய் மங்கலா, விரல் வச்சா சொரசொரன்னு இருக்கும், திரும்ப பளபளப்பு வரணும்னா மிஷின் பாலிஷ்தான், அதுக்கு ஆகற செலவுல கறை கழுவற செலவு கால்வாசி கூட இருக்காது.

(இதுல ஒரு வேடிக்கை, ஏற்காடு அடிவாரத்து மேக்னசைட் சுரங்கத்துல வெட்டற வெள்ளைக்கல்லும் கார்பனேட் குடும்பம்தான், கால்சியத்துக்கு பதிலா மெக்னீசியம், ஆனா அது மேல நீர்த்த ஆசிட்ட சூடு பண்ணாம ஒரு சொட்டு விட்டா லேசுல நுரைக்காது, பொடி பண்ணணும் இல்ல சூடு காட்டணும்.)

பளபளன்னு கண்ணாடிப்பூச்சு போட்ட டைல்ஸ ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒண்ணும் பண்ணாது, அது கிட்டத்தட்ட கண்ணாடி. ஆனா நடுவுல இருக்கற கோடு உறிஞ்சிரும், அதனால ஊத்தித்தான் ஆகணும்னா மொதல்ல தண்ணி விட்டு நல்லா ஊற விடுங்க, நுண்துளைல தண்ணி ஏற்கனவே நெறஞ்சிருந்தா ஆசிட் உள்ள எறங்காது. குரோம் பைப் பக்கம் மட்டும் கொண்டு போகவே வேணாம், குளோரைடு அந்த மெல்லிசான மேல்பூச்ச கடிச்சுட்டு உள்ள இருக்கற பித்தளைய காட்டிரும், ஸ்டீல் சிங்க்லயும் ஊசி குத்துன மாதிரி குழி விழும்.

பைப்புக்கு என் ஓட்டு சிட்ரிக் ஆசிட்டுக்குத்தான். மளிகைக்கடைலயே லெமன் சால்ட்னு கெடைக்கும், வெந்நீர்ல கரைச்சு பழைய துணிய நனைச்சு பைப்ப சுத்தி அரை மணி நேரம் கட்டி வச்சா போதும். இது வலு கம்மியான ஆசிட், அதனால நேரம் எடுக்கும், ஆனா கரைஞ்ச கால்சியத்த விடாம புடிச்சு வச்சுக்கற கொணம் இதுக்கு இருக்கு. மொசைக்ல மட்டும் இதுவும் வேணாம், வினிகரும் வேணாம்.

இன்னொண்ணு, கழுவி முடிச்ச ஈரத்துல பாத்து ஏமாறாதீங்க. உப்புக்கறை வெள்ளையா தெரியறதே அதோட சொரசொரப்புல வெளிச்சம் பட்டு நாலா பக்கமும் செதறறதாலதான், ஈரமா இருக்கறப்ப தண்ணி அந்த பள்ளத்த ரொப்பிரும், செதறல் கொறஞ்சு சுத்தமா ஆயிட்ட மாதிரி தெரியும். நைட்டு கழுவிட்டு காலைல ஓனர் வந்து நிக்கறப்ப மறுபடி வெள்ளை பூத்து நிக்கும். ஃபேன் வச்சு காய விட்டு பாத்துட்டு அப்புறம் சாவி குடுங்க.

உயிருக்கே ஆபத்தான விஷயம் ஒண்ணு இருக்கு, பிளீச்சிங் பவுடர். கறை சரியா போகலன்னு ஆசிட் ஊத்துன எடத்துலயே பிளீச்சிங் பவுடரையும் தூவறாங்க. ரெண்டும் சேந்தா குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரல்ல பெல்ஜியத்துல ஈப்ர் பக்கம் ஜெர்மன் படை போர்முனைல திறந்து விட்டது இதே வாயுவத்தான். காத்த விட ரெண்டரை மடங்கு கனம், அதனால சின்ன பாத்ரூம்ல கீழயே தேங்கி நிக்கும், குனிஞ்சு தேக்கறவங்க மூக்குக்கு நேரா. கண்ணு எரிஞ்சு இருமல் வந்துச்சுன்னா தண்ணி ஊத்தி சமாளிக்கலாம்னு நிக்காம அப்படியே வெளிய வந்துருங்க, மூச்சு முட்டுனா ஆஸ்பத்திரி. துரு கறைக்கும் பிளீச்சிங் வேஸ்ட்தான், அது இரும்ப இன்னும் ஆக்சைடாத்தான் ஆக்கும், அங்கயும் சிட்ரிக் ஆசிட்தான் வேலை செய்யும்.

கிச்சன் கதை நேர் தலைகீழ். தாளிக்கறப்ப பறக்கற எண்ணெய் செவுத்துல ஒட்டி, காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேந்து ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு பிசினா மாறிடுது, ஆயில் பெயிண்ட் காயறதும் இதே வினைதான். அங்க ஆசிட் எடுபடாது, ஆசிட்டுக்கு நேர் எதிரான காரம் (அல்கலி) வேணும். ஆப்பசோடாவ விட வாஷிங் சோடா வலுவானது (ஏழுக்கு மேல ஏற ஏற காரம் கூடுதுன்னு காட்டற பிஹெச் அளவுல, எட்டு சொச்சம் எங்க, பதினொண்ணு எங்க), வெந்நீர்ல கரைச்சு பூசி ஊற விட்டா எண்ணெய ஒடச்சு ஒரு பகுதிய சோப்பாவே மாத்திரும். கையுறை போட்டுக்கங்க, அலுமினியம் ஃபிரேம்ல படவிடாதீங்க, கறுத்துரும். ஆப்பசோடாவும் வினிகரும் கலந்து நொங்கும் நுரையுமா வீடியோ போடறாங்களே, காரமும் ஆசிட்டும் ஒண்ண ஒண்ணு காலி பண்ணிட்டு மிஞ்சறது உப்புத்தண்ணி, தனித்தனியா போட்டாலாவது பிரயோஜனம்.

ஏற்காட்டுல வீடுன்னா கறைய விட பூஞ்சைதான் தலைவலி. 1,500 மீட்டர் உசரம், பனிமூட்டம், பீரோவுக்கு பின்னாடி காத்தே போகாத சில்லுன்னு இருக்கற செவுரு, காத்துல இருக்கற ஈரம் அங்க படிஞ்சு கருப்பு புள்ளி கெளம்பிரும். அது மேலயே பெயிண்ட் அடிச்சு மறைச்சா உள்ள இருக்கற இழை செத்துப்போகாது, ஈரம் கெடச்சதும் மறுபடி வரும். பீரோவ நகத்தி, சோப்புத்தண்ணில தொடச்சு, ரெண்டு நாளு ஜன்னல தொறந்து வச்சு காய விட்டுட்டு அப்புறம்தான் பெயிண்ட் பேச்சு.

செவுத்து அடியில முழங்கால் உயரத்துக்கு பெயிண்ட் பொரிஞ்சு வெள்ளையா உப்பு பூத்திருந்தா அது வேற, ஓதம். அஸ்திவாரத்துல இருந்து ஈரம் நுண்துளை வழியா மேல ஏறி, ஈரம் ஆவியாகி, கொண்டு வந்த உப்பு மட்டும் தங்கிடுது. ஈரத்துணி போட்டு தொடச்சா உப்பு மறுபடி கரைஞ்சு உள்ளயே போகும், காஞ்ச பிரஷ்ல தட்டி விடுங்க. இது கட்டுமானத்து கோளாறு, குடியிருந்தவர் பண்ணது இல்ல, இதுக்கு அட்வான்ஸ்ல புடிக்கறேன்னா தாராளமா பேசலாம். தமிழ்நாடு வாடகை சட்டம் 2017ல வந்து 2019 பிப்ரவரில இருந்து நடைமுறைல இருக்கு, தனியா ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது, காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பாக்கி இருந்தா கழிச்சுக்கிட்டு, திருப்பி குடுக்கணும்னு அதுல இருக்கு. குடி வர்றப்பவே அந்த ஓதத்த தேதியோட ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல ஓனருக்கு அனுப்பி வச்சிருந்தா பேச்சு சீக்கிரம் முடியும்.