சி.இ.டி. 4: சீன மாணவர்கள் மதிப்பெண்ணை எங்கே விடுகிறார்கள்?

சீனப் பல்கலைக்கழகங்களில் ஜூனில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை, சனிக்கிழமை பார்த்துக் கல்லூரி ஆங்கிலத் தேர்வு நடக்கும். காலையில் நான்காம் நிலை, பிற்பகலில் ஆறாம் நிலை. சுருக்கமாக சி.இ.டி. 4, சி.இ.டி. 6, மாணவர் பேச்சில் ‘ஸிஜி’, ‘லியூஜி’. நான்காம் நிலை 1987இல் வந்தது, ஆறாம் நிலை 1989இல். 2005 முதல் மொத்த மதிப்பெண் 710. தேர்ச்சிச் சான்றிதழ் என்று எதுவும் கிடையாது, மதிப்பெண் அறிக்கை மட்டும்தான். ஆனாலும் 425ஐத்தான் எல்லோரும் தேர்ச்சிக் கோடாக வைத்திருக்கிறார்கள். நான்காம் நிலையில் அதை எட்டினால்தான் ஆறாம் நிலைக்குப் பதிய முடியும். வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள்.

சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கு இந்தத் தேர்வின் உள்கட்டமைப்பு தெரிந்திருப்பது நல்லது. ஏனென்றால் மாணவர் வந்ததும் கேட்பது சொற்பட்டியலைத்தான். சுமார் 4,500 சொற்கள். செல்பேசிச் செயலியில் நாளுக்கு ஐம்பது என்று உருப்போடுவார்கள். அகர வரிசைப் பட்டியலில் முதலில் வருவது ‘அபாண்டன்’, அதாவது கைவிடுதல். அந்தச் சொல்லோடு படிப்பையும் கைவிட்டார்கள் என்பது அங்கே பழைய கேலி. சொல் தெரியாமல் போவது ஒரு குறைதான், மறுக்கவில்லை. ஆனால் 380க்கும் 420க்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் மாணவரை உட்கார வைத்துத் தாளைப் பிரித்துப் பார்த்தால், தெரிந்த சொல் காதில் விழவில்லை, தெரிந்த சொல்லைத் தப்பான வடிவில் எழுதியிருக்கிறார், நேரத்தைத் தப்பான இடத்தில் செலவழித்திருக்கிறார் என்பவைதான் முதலில் கண்ணில் படும்.

எந்தக் கேள்விக்கு எவ்வளவு

எழுத்து 15 சதவீதம், கேட்டல் 35, வாசிப்பு 35, மொழிபெயர்ப்பு 15. இது எல்லோருக்கும் தெரியும். ஒரு கேள்வியின் விலை என்ன என்பதைத்தான் பலர் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

கேட்டல் பகுதியில் 25 கேள்விகள். மூன்று செய்தித் துணுக்குகளுக்கு 7, இரண்டு நீண்ட உரையாடல்களுக்கு 8. இவை ஒவ்வொன்றும் சுமார் 7.1 மதிப்பெண். கடைசியாக வரும் மூன்று பத்திகளின் 10 கேள்விகளோ ஒவ்வொன்றும் 14.2. அதாவது மாணவர் களைத்துப்போய்க் கவனம் சிதறும் கடைசிப் பத்து நிமிடத்தில் இரட்டை மதிப்பெண் வருகிறது. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும்.

வாசிப்பிலும் இதே கதை. 15 சொற்களிலிருந்து 10ஐ எடுத்துக் கோடிட்ட இடங்களை நிரப்பும் பகுதிக்கு, ஒரு இடத்துக்கு 3.55. நீண்ட கட்டுரையில் எந்த வாக்கியம் எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்று பொருத்தும் 10 கேள்விகள், ஒவ்வொன்றும் 7.1. இரண்டு பத்திகளை நுணுகிப் படித்து விடையளிக்கும் 10 கேள்விகள், ஒவ்வொன்றும் 14.2. கோடிட்ட இடம் பத்தையும் சரியாக நிரப்பினாலும் அது நுணுகு வாசிப்பின் இரண்டரைக் கேள்விக்குத்தான் சமம். ஆனால் தாளில் அது முதலில் நிற்பதால், அதில் இருபது நிமிடத்தைத் தொலைத்துவிட்டு மொழிபெயர்ப்பை நான்கு வரியில் முடிக்கிறார்கள்.

கேட்டல் முடிந்தபின் வாசிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து 70 நிமிடம் கிடைக்கும். முதலில் நுணுகு வாசிப்புக்கு 22, அடுத்து மொழிபெயர்ப்புக்கு 25, பிறகு பொருத்தலுக்கு 16, மிச்சம் 7 நிமிடம் கோடிட்ட இடத்துக்கு. அந்த ஏழு நிமிடத்தையும் வீணாக்காமல் இருக்க, பதினைந்து சொற்களுக்குப் பக்கத்திலும் பெயர், வினை, பெயரடை, வினையடை என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, இலக்கணத்தை வைத்தே இடத்தை நிரப்பச் சொல்லலாம். பொருத்தலில் ஒரே பத்தி இரண்டு வாக்கியங்களுக்கு விடையாகலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

காதில் விழாத கடைசி எழுத்து

மாண்டரின் அசை உயிரொலியில் முடியும். அல்லது ‘ன்’, ‘ங்’ ஒலிகளில் முடியும். சில இடங்களில் ‘ர்’ சேரும். அவ்வளவுதான். ‘ட்’, ‘க்’, ‘ஸ்’ என்று முடியும் அசையே கிடையாது. அந்த மொழியில் பன்மைக்கும் இறந்தகாலத்துக்கும் சொல்லின் வடிவம் மாறுவதும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு ஒரு சோதனை: செய்தித் துணுக்கு ஒன்றிலிருந்து ‘தி வொர்க்கர்ஸ் ஆஸ்க்ட் ஃபார் ஹையர் வேஜஸ்’ என்ற வாக்கியத்தை ஓடவிட்டு, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். ‘தி வொர்க்கர் ஆஸ்க் ஃபார் ஹை வேஜ்’ என்று வரும். நான்கு சொல்லும் தெரிந்த சொல்தான்; நான்கின் வாலும் போய்விட்டது. இதே மாணவர் கட்டுரையில் ‘மெனி ஸ்டூடன்ட் திங்க்’ என்று எழுதுவார். ஆசிரியர் அதை இலக்கணப் பிழை என்று சிவப்பில் சுழிப்பார், அடுத்த வாரம் திரும்ப வரும். காது திருந்தாமல் கை திருந்தாது.

எனவே கேட்டல் பயிற்சி என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத் தாள்களை ஓட்டித் தள்ளுவது அல்ல. நாளுக்கு ஒரே ஒரு துணுக்கு, இருபத்தைந்து நிமிடம் போதும். முதல் முறை தேர்வு போலவே கேட்டு விடையளிக்க வேண்டும். அடுத்து வாக்கியம் வாக்கியமாக நிறுத்திக் காதில் விழுந்ததை முழுதாக எழுத வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். பிறகு எழுத்து வடிவத்தை எடுத்து வைத்து, விடுபட்டதைச் சிவப்பு மையில் திருத்த வேண்டும். சொல் தெரியாமல் விட்டதற்கு ஒரு குறி, வால் விட்டதற்கு வேறு குறி. இரண்டு வாரத்தில் எந்தக் குறி அதிகம் என்று பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடைசியாக, ஒலிப்பதிவின் மேலேயே சேர்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை வெட்கத்தால் விட்டுவிடுகிறார்கள், பலன் அதில்தான்.

‘கேன்’, ‘கான்ட்’ குழப்பம் தனி. அமெரிக்க உச்சரிப்பில் எதிர்மறையின் கடைசி ‘ட்’ பெரும்பாலும் கேட்காது. உடன்பாடாக இருந்தால் அந்தச் சொல் ‘கன்’ என்று தேய்ந்து ஓடும். எதிர்மறையில் உயிரொலி முழுதாக, அழுத்தமாக வரும். தேடிக் கேட்க வேண்டியது ‘ட்’டை அல்ல, அழுத்தத்தை. சிச்சுவான், ஹூனான், ஹூபெய் பக்கத்து மாணவர்கள் பலருக்கு ‘ன’வும் ‘ல’வும் மயங்கும். எழுத்துத் தேர்வில் அது பெரிய சேதம் செய்வதில்லை. தனியாக நடக்கும் பேச்சுத் தேர்வுக்குப் போகிறவர்கள் மட்டும் கவனித்தால் போதும்.

மொழிபெயர்ப்பு: தமிழருக்கு உடனே புரியும் சிக்கல்

2013 டிசம்பரிலிருந்து ஒரு முழுப் பத்தியைச் சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். நான்காம் நிலையில் 140 முதல் 160 சீன எழுத்துகள், ஆறாம் நிலையில் 180 முதல் 200. பொருள் பெரும்பாலும் சீனப் பண்பாடு, நிலவியல், சமூகம். 2017 ஜூனில் நான்காம் நிலைக்கு யாங்சி, மஞ்சளாறு, முத்தாறு என்று மூன்று வினாத்தாள்களிலும் மூன்று ஆறுகள். 2019 ஜூனில் காகிதம் வெட்டும் கலை, விளக்குக் கூடு, சிங்க நடனம்.

சீனத்தில் அடைமொழி எல்லாம் பெயருக்கு முன்னாலேயே வந்து குவியும். ‘மஞ்சளாற்றங்கரையில் உள்ள, ஆயிரம் ஆண்டு வரலாறு கொண்ட, மட்பாண்டங்களுக்குப் பெயர்போன அந்தச் சிற்றூர் ஆண்டுதோறும் 30 லட்சம் பயணிகளை ஈர்க்கிறது’ என்ற தமிழ் வாக்கியத்தில் ஊருக்கு முன்னால் நிற்கும் அடைகள் சீனத்திலும் அதே பக்கம்தான் நிற்கும். ஆங்கிலத்தில் அவை பெயருக்குப் பின்னால் போக வேண்டும். சீன வரிசையிலேயே எழுத ஆரம்பித்தவர் மூன்றாவது அடைமொழியில் திணறி, வாக்கியத்தைப் பாதியில் கமாவால் உடைத்து, வினையே இல்லாமல் முடிப்பார்.

முதலில் பென்சிலால் எலும்புக்கூட்டை மட்டும் குறிக்க வேண்டும்: ஊர், ஈர்க்கிறது, பயணிகளை. அந்த மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதியபின், எங்கே, எவ்வளவு பழையது, எதற்குப் பெயர்போனது என்பவற்றை ஊருக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். மூன்றும் ஒரே வாக்கியத்தில் அடங்காவிட்டால் இன்னொரு வாக்கியம். அதில் குற்றமில்லை. அடுத்து காலம். சீன வினை காலத்தைக் காட்டாது. ‘தாங் வம்சத்தில்’, ‘கடந்த பத்தாண்டுகளில்’ போன்ற காலக் குறிப்பைத் தேடி வட்டமிட்டு, அதற்கேற்ப வினையை மாற்ற வேண்டும். ‘ஆனாலும்’ பொருளில் சீனத்தில் இரண்டு இணைப்புச் சொற்கள் சோடியாக வரும். அதையே ‘ஆல்தோ’, ‘பட்’ என்று இரண்டையும் போட்டு எழுதுவார்கள். ஒன்றை அடித்துவிட வேண்டும். ‘பிகாஸ்’, ‘ஸோ’வும் அப்படித்தான்.

எண்கள் தனித் தலைவலி. சீனர் பத்தாயிரத்தை ‘வான்’ என்றும் பத்துக் கோடியை ‘யி’ என்றும் எண்ணுவார்கள். லட்சம், கோடியிலிருந்து மில்லியனுக்குத் தாவும்போது நாம் தடுமாறுவது போலத்தான் அவர்களும். 100 வான் ஒரு மில்லியன், 10 யி ஒரு பில்லியன். இந்த இரண்டு சமன்பாடுகள் மனதில் நின்றால் மற்றது தானாக வரும். மேலே உள்ள 30 லட்சம் அவர்களுக்கு 300 வான், ஆங்கிலத்தில் 3 மில்லியன். அவசரத்தில் 1.4 யியை 1.4 மில்லியன் என்று எழுதுவது மிகச் சாதாரணம். அது 140 மில்லியன்.

கட்டுரைக்கும் மொழிபெயர்ப்புக்கும் முதலில் 15க்கு மதிப்பெண் போட்டுத்தான் 710க்கு மாற்றுகிறார்கள். திருத்துபவர் பிழைகளை எண்ணுவதில்லை. மொத்தத்தில் பார்த்து 14, 11, 8, 5, 2 என்ற படிகளில் ஒன்றில் வைத்து, ஒரு மதிப்பெண் கூட்டவோ குறைக்கவோ செய்வார். ஒரு படி ஏறினால் சுமார் 21 மதிப்பெண். 8இலிருந்து 11க்கு ஏற அரிய சொல் வேண்டாம். வினையும் பன்மையும் ஒழுங்காக இருந்து, வாக்கியங்கள் முழுதாக முடிந்தாலே போதும். மனப்பாட மாதிரிக் கட்டுரையின் முன்னுரையும் முடிவுரையும் பளபளத்து, நடுவில் சொந்தமாக எழுதிய நான்கு வரி தள்ளாடினால், படித்தவுடன் தெரிந்துவிடும். 120 சொற்களுக்குக் குறையக் கூடாது, 180ஐத் தாண்ட வேண்டாம்.

தேர்வு அறையில்

9 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். அனுமதிச் சீட்டு, அடையாள அட்டை, மாணவர் அட்டை மூன்றும் வேண்டும். 2பி பென்சில், கறுப்பு மைப் பேனா, மாற்று பேட்டரி. பல கல்லூரிகளில் கேட்டல் பகுதி எஃப்.எம். தலையணிக் கருவியில் வரும். அலைவரிசையை முன்பே சோதித்துவிட வேண்டும். கேட்டல் நேரம் தவிர மற்ற நேரத்தில் அதை மாட்டியிருப்பதே விதிமீறல்.

வினாத்தாளில் இருக்கும் பட்டைக்குறி ஒட்டுத்தாளை உரித்து முதல் விடைத்தாளில் ஒட்ட வேண்டும். ஒரே அறையில் வெவ்வேறு வினாத்தாள்கள் இருப்பதால், யாருக்கு எந்தத் தாள் என்பதை அந்தப் பட்டைதான் சொல்லும். கட்டுரைத் தலைப்பு வினாத்தாளின் பின்பக்கத்தில் இருக்கும், 9.10க்குத் தொடங்கி 9.40 வரை அதை மட்டும் எழுதலாம். அந்த நேரத்தில் உள்ளே புரட்டிக் கேட்டல் விடைத்தெரிவுகளைப் பார்ப்பது விதிமீறல். கேட்டல் முடிந்த உடனேயே முதல் விடைத்தாளை வாங்கிவிடுவார்கள். “விடையை வினாத்தாளில் குறித்துவைத்து அப்புறம் நிரப்பலாம்” என்று நினைத்தவர்கள் இங்கேதான் மொத்தமாக இழக்கிறார்கள். ஒவ்வொரு துணுக்கும் முடிய முடிய நிரப்பிவிட வேண்டும். கட்டுரையும் அதே தாளில் இருப்பதால், பிறகு வந்து இரண்டு வரி சேர்க்கவும் முடியாது.

தேர்வு நெருங்கும்போது சமூக ஊடகக் குழுக்களில் ‘உள் விடைத்தாள்’ விற்பவர்கள் முளைப்பார்கள். முடிவு வரும் சமயத்தில் ‘மதிப்பெண் திருத்தித் தருகிறோம்’ என்பவர்கள். பல வினாத்தாள் முறையில் எந்தத் தாள் யார் கைக்கு வரும் என்று மாணவருக்கே தெரியாது. அவரிடம் விடை விற்பது வெறும் பணப் பறிப்பு.

முடிவு சுமார் இரண்டு மாதத்தில் வரும். 425ஐத் தொடாதவர் மொத்தத்தைப் பார்த்துவிட்டு மறுபடி சொற்பட்டியலுக்குப் போகக் கூடாது. அறிக்கையில் கேட்டல் 249க்கு, வாசிப்பு 249க்கு, எழுத்தும் மொழிபெயர்ப்பும் சேர்ந்து 212க்கு என்று மூன்று எண்கள் தனித்தனியாக இருக்கும். அறுபது சதவீதம் என்று பார்த்தால் முறையே 149, 149, 127. கேட்டல் 149க்குக் கீழே இருந்தால் சிவப்பு மைப் பயிற்சியிலிருந்து தொடங்கட்டும். மூன்றாவது எண் மட்டும் குறைந்திருந்தால், பழைய தேர்வுத் தாள்களிலிருந்து வாரத்துக்கு இரண்டு மொழிபெயர்ப்புப் பத்திகளைக் கடிகாரம் வைத்து 25 நிமிடத்தில் எழுதி, வேறொருவரிடம் திருத்தக் கொடுக்கட்டும். வாசிப்பு மட்டும் குறைவு, மற்ற இரண்டும் சரி என்றால்தான் சொற்பட்டியலைத் திறக்க வேண்டும். அப்போதும், நுணுகு வாசிப்புக்கு அன்று எத்தனை நிமிடம் மிஞ்சியது என்று முதலில் கேட்டுவிட்டு.